கிணற்றடி விளக்குக்காக ஒரு துளை

இரும்பு உளி சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் முனையை நீட்டிய கணம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முதலில் சுண்ணாம்புப் பூச்சு உப்பி வெடித்தது. பிறகு வெட்டுக்கல்லின் சிவப்புத் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. கரமனையில் எங்கள் வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் நானும் மன்னியும் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். உளி முனை தெரிந்ததும் மன்னி குழந்தை மாதிரி கைதட்டிச் சிரித்தாள். கிணற்றடிக்கு விளக்கு வரப்போகிறது என்ற சந்தோஷம்.

மன்னி, என் கணவரின் அண்ணா மனைவி. நான் இரண்டாவது நாட்டுப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் வந்தபோது அவள் அங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மாமனார் சர்க்கார் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் இருக்கும் இடத்தில் நாட்டுப்பெண்களின் குரல் எழும்பக் கூடாது. அவருக்கு ஒன்று சொல்ல வேண்டுமானால் மாமியாரிடம் சொல்வோம். அவர் போய்ச் சொல்வார். அத்தனை வருஷத்தில் மன்னியின் குரலை மாமனார் ஒரு தடவையாவது நேருக்கு நேர் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

முன்கட்டில் கரண்ட் வந்து வெகுநாளாகியும் கொல்லைப்பக்கம் இருட்டாகத்தான் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் மாமியார் பாசியில் வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்ட பிறகுதான் மாமனார் இறங்கி வந்தார். ஆனால் சுவிட்சு தம் அறையில்தான் இருக்க வேண்டும் என்றார். அவர் அறையின் பின்சுவர்தான் எங்கள் தாழ்வாரத்துச் சுவர். முழங்கை ஆழத்துக்கு வெட்டுக்கல். வயர்மேன் உளியைச் சுத்தியலால் அடிப்பதும், கொஞ்சம் திருப்புவதும், மறுபடி அடிப்பதுமாக ஒரு காலைப்பொழுது முழுவதும் பாடுபட்டு, ஆள் நின்றால் முகம் வரும் உயரத்தில் துளையைப் போட்டு முடித்தார். அப்புறம் கையைத் தட்டிக்கொண்டு, "யுத்த காலமில்லா? ஸ்டோருல வயரு தீந்துபோச்சு கேட்டேளா. வந்ததும் நானே வந்து இழுத்துத் தாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

துளை அப்படியே கிடந்தது. மாமனார் தம் பக்கத்தில் ஒரு காலண்டரை மாட்டி அதை மறைத்துவிட்டார். காகிதம் பார்வையைத்தான் மறைக்கும், பேச்சை மறைக்காது என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு மன்னி தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மாவைத் தள்ளிவிடுவதற்காக அவள் குழவியை நிறுத்தினாள். அந்த அமைதியில் மாமனாரின் குரல் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது.

"வடிவீஸ்வரத்துல பேசி முடிச்சாச்சு. சின்னவளைக் குடுக்க அவாளுக்குச் சம்மதம். ஆனியில நடத்திடலாம்."

"இவகிட்ட யாருப்பா சொல்றது?" இது மன்னியின் கணவர்.

"முகூர்த்தத்துக்கு முன்னாடி சொன்னா மதி, அது போதும். இவளும் இங்கேயே இருந்துட்டுப் போகட்டும். யாரு போகச் சொன்னா?"

வடிவீஸ்வரம் மன்னியின் பிறந்த வீடு. சின்னவள் அவள் தங்கை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். போன ஓணம் லீவுக்கு வந்து, அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வீடெல்லாம் திரிந்தவள். அவளைத்தான் அக்கா புருஷனுக்கே இரண்டாந்தாரமாகக் கேட்டிருக்கிறார்கள். மன்னியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவள் எழுந்தாள். மாவு வழிகிற கைகளைச் சுவரில் படாமல் தூக்கிப் பிடித்தபடி துளையருகே போனாள். வாயை அதனருகில் வைத்து, சத்தம் போடாமல், தெளிவாகக் கேட்டாள்.

"அப்பா, என் தங்கையையா கேட்டேள்?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலண்டர் விலகியது. மன்னி முகத்தை விலக்கியதும், அவள் பின்னாலேயே போய் நின்ற எனக்குத் துளையின் அந்த முனையில் மாமனாரின் கண் தெரிந்தது. அப்படி ஒரு மிரட்சியை நான் எந்த மனிதர் கண்ணிலும் பார்த்ததில்லை. சுவரே வாய் திறந்து பேசியதாகத்தான் அவருக்கு இருந்திருக்க வேண்டும். அப்போதும் அவர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. மாமியாரைக் கூப்பிட்டு, "அவளை அங்கேருந்து போகச் சொல்லு!" என்று கத்தினார். மாமியார் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"ஏன்னா, நீங்களாவது சொல்லுங்கோ" என்றாள் மன்னி, துளைக்குள், தன் கணவரிடம். அவள் காத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து இருமல்கூட வரவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு, வாசல் வழியாகவே இறங்கிப் போனாள். பட்டப்பகலில், துணையில்லாமல், அக்ரஹாரத்துத் தெரு முழுவதும் பார்க்க. தடுக்க ஒருவருக்கும் நா எழவில்லை. நாகர்கோவில் பஸ்ஸைப் பிடித்து வடிவீஸ்வரம் போய் நின்றவளைத் தங்கை ஓடிவந்து கட்டிக்கொண்டாளாம். "அக்கா, அழாதே. நீ தனியா கஷ்டப்படறேன்னு அப்பா சொன்னா. நீதானே என்னை வரச் சொல்லிக் கேட்டுண்டியாம்? அதான் நான் சரின்னுட்டேன்" என்றாளாம். இதை மன்னி திரும்பி வந்துதான் என்னிடம் சொன்னாள். பெற்ற அப்பாவே இப்படி ஒரு பொய்யைச் சொல்லிப் பெண்ணைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். அக்கா கேட்கவில்லை என்று தெரிந்ததும் தங்கை முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. அந்தப் பெண் படிப்பை முடித்து, பின்னால் மதுரைப் பக்கம் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள்.

மன்னி போன அன்று சாயங்காலம் எனக்கு இன்னொன்று காத்திருந்தது. ஆபீஸிலிருந்து வந்த என் கணவரிடம் நடந்ததையெல்லாம் படபடவென்று சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே, "அப்பா அப்பவே சொன்னார். உங்கிட்ட எதுக்குன்னு இருந்துட்டேன்" என்றார். குரலில் ஒரு மாறுதலும் இல்லை. எனக்கும் அப்போது குழந்தை பிறந்திருக்கவில்லை. பிற்பாடு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவரும் என்னை ஒரு குறையில்லாமல்தான் வைத்துக்கொண்டார். ஆனாலும் அந்தக் கோட்டை மாட்டிய கையை நான் மறக்கவில்லை.

மன்னி அந்த வீட்டுக்கேதான் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு மாமனாரிடம் நேராகவே பேசினாள். "அப்பா, காப்பி", "அப்பா, வெந்நீர் ஆயிடுத்து." அவரும் பதில் சொல்லப் பழகிக்கொண்டார். கணவரோடும் குடித்தனம் நடத்தினாள். ஆனால் அவர் எதற்காவது பதில் சொல்லத் தாமதித்தால், காத்திருக்காமல் அங்கிருந்து போய்விடுவாள். வயர்மேன் வந்தார், துளையில் பீங்கான் குழாய் செருகி வயரை இழுத்தார், கிணற்றடி வெளிச்சமாயிற்று.

இப்போது என் பிள்ளை வீட்டில் வாசல் விளக்குக்கு மெஷினை வைத்து, ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் சுவரைத் துளைத்துவிடுகிறார்கள். எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். நான் உள்ளே போய்விடுகிறேன்.

வயதான பிறகு ஒரு நாள் மன்னியிடம் கேட்டேன், "அன்னைக்கு உங்களுக்குப் பயமாவே இல்லையா?"

"அன்னைக்கு இல்லைடி. அப்புறம்தான் வந்தது" என்றாள். "பத்து வருஷமா அதே சுவருக்கு இந்தப் பக்கம்தானே உக்காந்து அரைச்சிண்டிருந்தேன். ஓட்டை போடறதுக்கு முன்னாடி, அந்தப் பக்கத்துல என்னல்லாம் பேசிண்டாளோ!"