கடலூருக்குப் போன ரிப்போர்ட்

ஒரு ஜிகாதி இயக்கம் உலகம் முழுக்கப் பிரசாரம் செய்து ஆள் பிடிப்பதைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. சிதம்பரத்தில் பிரௌசிங் சென்டரில் போலீஸ் பார்வைக்கென்று வைத்திருக்கும் வருகை நோட்டில், ‘எதற்காக’ என்ற கட்டத்தில் அதை அப்படியே எழுதித் தொலைத்தேன்.

மூன்றாம் நாள் கடலூரிலிருந்து மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் என்னை விசாரிக்க வந்தார். அந்த மனுஷனுக்கு இயக்கத்தின் தலைவர் பெயர்கூடத் தெரியவில்லை. டீயும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தலைவர் யார், அடுத்த ஆள் யார், எந்த நாட்டில் கிளை என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்.

அடுத்த வாரமே திரும்பி வந்து நின்றார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க சொன்னதத்தான் எழுதி அனுப்பினேன். இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்னு மேல கேக்குறாங்க. அதுக்கும் நீங்களே ஒரு பதில் சொல்லிடுங்க, எழுதிக்கிறேன்.”