ஏழு என்று சொன்ன நாக்கு

பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றில் முனிரத்தினத்துக்கு ‘மீட்டர்’ என்று பெயர். உப்புத் தண்ணீரை அளக்க அங்கே நிஜமான கண்ணாடி மீட்டர் ஒன்றும் இருந்தது. உப்பு ஜாஸ்தியான தண்ணீரில் அது உயர மிதக்கும், கம்மியானால் அமிழும். ஆனால் அதை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைப்பதற்குள் முனிரத்தினம் விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்து, “ஆறரை” என்று சொல்லிவிடுவார். பிறகு மிதக்கவிட்டுப் பார்த்தால் ஆறரைதான் காட்டும். கடைசியில் அந்தக் கண்ணாடிக் குழாயில் தூசி படிந்ததுதான் மிச்சம்.

எட்டாவதோடு படிப்பு நின்று, பத்தொன்பது வயதில், முடி உதிர ஊறப்போட்ட தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து தூக்க வந்தவர் அவர். விரல் இடுக்கெல்லாம் புண். அந்தக் குழியிலிருந்து அவரைப் ‘பிக்கிள்’ ட்ரம்முக்கு மேலேற்றிவிட்டது இந்த நாக்குதான். பிக்கிள் என்பது, சுண்ணாம்பு நீக்கிய தோலை உப்புத் தண்ணீரோடு ட்ரம்மில் சுழலவிட்டு, அப்புறம் ஆசிட் ஊற்றுவது. மீட்டர் கணக்கில் உப்பு ஏழு டிகிரி வந்த பிறகுதான் ஆசிட். இந்த ஒரு விஷயத்தில் யாரும் விளையாட மாட்டார்கள்.

இரண்டாவது கொரோனா அலையில் முனிரத்தினத்துக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, வாசனை திரும்பி வந்தது, உப்பு மட்டும் வரவில்லை. வெறும் உப்பை அள்ளி வாயில் போட்டாலும் மணலை மெல்வதுபோலத்தான் இருந்தது. வீட்டில் மனைவி செல்லம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. குழம்பை அவள் முதலில் வாயில் வைத்து முகம் சுளிக்கிறாளா என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். தொழிற்சாலையிலோ சமாளிப்பது இன்னும் சுலபமாக இருந்தது. எட்டு மூட்டை உப்பு, கோடு வரை தண்ணீர், பத்து நிமிடம் சுழற்சி. தானாக ஏழு வரும். அவர் பழக்கத்துக்கு விரலை நக்கி, கண்ணை மூடித் திறந்து, “ஏழு” என்பார். மூன்று வருடம் இந்த நாடகம் பிசகில்லாமல் ஓடியது. மீட்டரை எடுத்து மிதக்கவிட ஒரு நிமிடம் போதும். ஆனால் மீட்டரைக் கேட்கும் மீட்டரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று பயந்தார்.

அந்த ஐப்பசி மழையில் உப்புக் கிடங்கில் தண்ணீர் நின்றது. அடியில் கிடந்த மூட்டைகளில் உப்பு பாதி கரைந்து ஓடிப்போயிருந்தது. ஆனால் மிச்சத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டதால், தூக்கும்போது கனம் குறைந்த மாதிரி தெரியவில்லை. முனிரத்தினம் எண்ணி எட்டு மூட்டை கொட்டினார். தண்ணீர் வால்வைத் திறந்து மூடுவது சர்தார் பாஷாவின் வேலை; இருபது வருடமாக அதே ட்ரம்மில் கூட நிற்கும் தோஸ்த். அவர் தண்ணீர் விட்டார், ட்ரம் சுழன்றது. முனிரத்தினம் விரலை நக்கி, “ஏழு பாய்” என்று சொல்லி, ட்ரம்மின் கணக்கு அட்டையிலும் எழுதினார். ஆசிட் இறங்கியது.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், ஆயிரம் ஆட்டுத்தோலும் நுங்குபோல ஊதிக் கிடந்தன. கை வைத்தால் வழுக்கியது, அமுக்கினால் பிய்ந்தது.

லேபிலிருந்து சங்கீதா ஓடிவந்தாள். வேலூரில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்த பெண். ட்ரம் தண்ணீரில் கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டாள். நாலைக்கூடத் தொடவில்லை. ஊதிய தோலில் ஒரு துண்டை வெட்டி, கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டாள். எல்லோரும் பார்க்கப் பார்க்க அது தண்ணீரைக் கக்கிச் சுருங்கியது. மேனேஜருக்கு அவள் விளக்கினாள்: ஆசிட் ஏறிய தோலுக்குள்ளே கரைசல் கெட்டி, வெளியே உப்பு கம்மி. தண்ணீர் எப்போதும் கெட்டியான பக்கம் தேடித்தான் போகும், அதனால் தோலுக்குள் புகுந்து ஊதவைத்துவிட்டது. வெளியே போதுமான உப்பு இருந்திருந்தால் தண்ணீர் வெளியேயே நின்றிருக்கும். இப்போது சுருக்கிவிடலாம், ஆனால் மேல்தோல் வெடித்தது வெடித்ததுதான்.

பிறகு அவள் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். “அண்ணா, ஆசிட் ஊத்தறதுக்கு முன்னாடி உப்பு எவ்ளோ இருந்துச்சி?”

அவர் காலடியில் காலி மூட்டைகள் ஈரமாகக் கிடந்தன. ஒன்றைக் காலால் நகர்த்தியபோதே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையோடு நாக்கும் போகும், ட்ரம்மும் போகும், ஐம்பத்தோரு வயதில் மறுபடி சுண்ணாம்புக் குழி.

“ஏழு இருந்துச்சிம்மா” என்றார்.

அவ்வளவுதான். ‘மீட்டர்’ சொன்னதற்கு மறுபேச்சுப் பேச அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஏழு இருந்தது நாலுக்கும் கீழே இறங்கியது என்றால், நடுவில் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். தண்ணீர் புகுந்தது என்றால் வால்வு சரியாக மூடவில்லை. கணக்கு நேராக வந்து சர்தார் பாஷாவின் தலையில் விடிந்தது. அவர் மூடினேன் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு முனிரத்தினம் நினைத்தார். மறுநாள் ஒரு நாள் தாமதித்ததற்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பத்து நாள் ஆனபோது அது சொல்லவே முடியாத விஷயமாகிவிட்டது.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்துவிட்டு சர்தார் பாஷா முனிரத்தினத்தின் வீட்டுக்கே வந்தார். பச்சைத்தோல் மண்டியில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். தோள் காய்ந்து வெடித்திருந்தது. செல்லம்மாள் கொடுத்த டீயைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

“முனி, நானும் ரொம்ப யோசிச்சிப் பாத்துட்டேன். வால்வை மூடின மாதிரிதான் நெனப்பு. ஆனா நீ ஏழுன்னா அது ஏழுதான். நான்தான் எங்கியோ கோட்டை விட்டுட்டேன். என்னால உன் ட்ரம்முக்கும் கெட்ட பேரு. மனசுல இன்னாவும் வெச்சிக்காத.”

செல்லம்மாள் கதவோரம் நின்று முனிரத்தினத்தின் முகத்தையே பார்த்தாள்.

“வுடு பாய்” என்றார். “தெரிஞ்சா செஞ்ச.”

சர்தார் பாஷா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து நாளாகத் தூக்கமே இல்லை, இனிமேல் தூங்குவேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.