மூன்று பரிசுச் சட்டம்

ஆல்டர் லேக் ஊரில் யாருக்காவது நல்லது செய்ய வேண்டுமென்றால் முதலில் கொரின் ஹாகேயிடம் அனுமதி வாங்க வேண்டும். பல் டாக்டரின் மனைவி. லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பது, அதில் காகிதத் தேவதைகளைக் கட்டித் தொங்கவிடுவது, எந்த ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு ஆசை இருக்கலாம் என்று தீர்மானிப்பது எல்லாம் அவள் கையில்தான். இருபத்திரண்டு வருஷமாக. அவளைப் பார்த்தாலே லவான் ஸ்கோக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே இருபத்திரண்டு வருஷமாக லவான்தான் அந்தத் தேவதைகளைக் கத்தரித்துக் கொடுக்கிறாள் என்பது வேறு விஷயம்.

லவானுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடிக்கிறவள். காலை ஆறு மணிக்குத் தலையில் வலைத்தொப்பி மாட்டினால் மத்தியானம் இரண்டுக்குத்தான் கழற்றுவாள். கல்யாணம் ஒரு தடவை நடந்தது. அந்த ஆள் மீன் பிடிக்கப் போன ஏரிக்கரையிலேயே இன்னொரு குடும்பத்தையும் பிடித்துக்கொண்டான். பிள்ளை குட்டி கிடையாது. ஊரில் யார் பெயரைச் சொன்னாலும் அவளிடம் ஒரு முகச்சுளிப்பு தயாராக இருக்கும். கிதார் வாசிக்கிற புதுப் பாதிரியார், அக்டோபரிலேயே வீட்டுக்கு விளக்குப் போடுகிறவர்கள், நாய்க்குக் கோட்டு மாட்டுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிச்சமிருந்த இளக்காரம் முழுவதும் கொரினுக்கு.

தேவதை விவகாரம் இப்படி. பள்ளிக்கூடத்து ஆலோசகர் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு ஒரு படிவம் கொடுப்பார். பிள்ளையின் வயது, சட்டை அளவு, செருப்பு அளவு, ஒரு தேவை, ஒரு ஆசை. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அது ஒவ்வொரு காகிதத் தேவதையின் முதுகிலும் ஏறி மரத்துக்குப் போகும். சர்ச்சுக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துப் போய், அதில் உள்ளதை வாங்கி, வண்ணக் காகிதம் சுற்றாமல் கொண்டுவந்து தர வேண்டும். சுற்றுவது பெற்றவர்கள் வேலை. கைக்குழந்தைத் தேவதைகள் முதல் ஞாயிறு காபி ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். உள்ளங்கை அளவு காலுறை வாங்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? பதின்மூன்று வயதுக்கு மேலே போனால் ஒருத்தர் சீண்டமாட்டார். மீசை முளைக்கிற தேவதைக்கு என்ன வாங்குவது என்று எங்கள் ஜனங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள்.

அந்த வருஷம் கொரின் எங்கேயோ எதையோ படித்துத் தொலைத்திருந்தாள். நவம்பர் முதல் வாரக் கூட்டத்தில், எலுமிச்சை கேக் துண்டுகளுக்கு நடுவே எழுந்து நின்று, இனிமேல் ஒரு பிள்ளைக்கு மூன்றே பரிசுதான் என்றாள். ஒன்று உடுக்க, ஒன்று படிக்க, ஒன்று விளையாட. அளவாகக் கொடுத்தால்தான் பிள்ளைகளுக்கு அருமை தெரியுமாம். தன் பேரப்பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். சொன்னதில் பொய் இல்லை. போன கிறிஸ்துமஸுக்குப் பேத்தி ப்ரின்லிக்குச் சரியாக மூன்றுதான் கொடுத்தாள். அதில் விளையாடக் கொடுத்த ஒன்று, பனியில் ஓட்டுகிற மோட்டார் வண்டி. கூட்டத்தில் இருந்த நாலு பெண்களும் பலே பலே என்று தலையாட்டினார்கள். லவான் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் வாயிலிருந்து வேறு ஏதாவது வந்திருக்கும்.

அடுத்த நாள் மத்தியானம் இருவரும் படிவங்களோடு உட்கார்ந்தார்கள். லவான் படிக்க வேண்டும், கொரின் தேவதை முதுகில் எழுத வேண்டும். எழுதுவதாவது! நாலு வயதுப் பெண் குழந்தை சத்தம் போடுகிற தீயணைப்பு வண்டி கேட்டிருந்தது. மரத்தில் செய்த வண்டி என்று எழுதினாள். ஒன்பது வயதுப் பெண் பூட்டுப் போட்ட டைரி கேட்டிருந்தது; இந்த வயதில் என்ன ரகசியம் என்று பூட்டை எடுத்துவிட்டு வெறும் டைரி என்று எழுதினாள். முப்பது வருஷம் தட்டு நீட்டுகிற பிள்ளைகளைப் பார்த்தவள் லவான். நாலு வயதுக்குச் சத்தம் வேண்டும். ஒன்பது வயதுக்குப் பூட்டு வேண்டும். பதினைந்து வயதுக்கு யாரும் தன்னை உற்றுப் பார்க்காமல் இருந்தால் போதும். இது தெரியாமல் பிள்ளைகளுக்குச் சட்டம் போட வந்துவிட்டாள் மகராசி.

அந்த இரண்டு பெண்களின் வீட்டிலிருந்தே வந்த படிவம்தான் அடுத்தது, எண் முப்பத்தொன்று. பையன், வயது பதினைந்து, செருப்பு அளவு பதிமூன்று, தேவை கையுறை, ஆசை வாஃபிள் மெஷின்.

கொரின் பேனாவை நிறுத்தினாள். "இது அம்மாவோட ஆசை, லவான். பதினஞ்சு வயசுப் பையன் வாஃபிள் மெஷின் கேப்பானா? புள்ள பேரைச் சொல்லி அவங்க சமையலறைக்குச் சாமான் சேக்கறாங்க. எத்தனை வருஷமாப் பாக்கறேன்."

பெயர் இல்லாவிட்டால் என்ன, அந்தப் பள்ளிக்கூடத்தில் பதிமூன்று அளவு செருப்புப் போடுகிற பதினைந்து வயதுப் பையன் ஒருத்தன்தான். வெஸ்லி. அம்மா டானா வான்கோழி இறைச்சி ஆலையில் சாயங்கால வேலைக்குப் போகிறவள். தங்கச்சிகளுக்கு இரவுச் சாப்பாடு போடுவது அவன். வெள்ளிக்கிழமை காலையில் லவான் வாஃபிள் சுடுவாள், கட்டம் கட்டமாக அச்சுப் பதிந்த இனிப்பு ரொட்டி. அன்றைக்கு, வரிசையில் தனக்குப் பின்னால் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வெஸ்லி வருவான். ஒட்டாமல் எப்படி எடுக்கிறீர்கள் என்று ஒரு தடவை மெதுவாகக் கேட்டான். தான் சுடுவது எதையும் சின்னவள் தின்னமாட்டேன் என்கிறாள், கட்டம் கட்டமாக இருந்தால்தான் தின்பாளாம் என்றான். லவான் மூடியைத் திறந்து எண்ணெய் தடவிக் காட்டினாள். அவள் யாருக்கும் எதையும் அவ்வளவு பொறுமையாகக் காட்டிய ஆள் இல்லை.

இதையெல்லாம் கொரினிடம் சொல்ல முடியாது. படிவத்தில் இருப்பது யார் என்று வாய் திறக்கக் கூடாது என்பது அந்தச் சர்ச்சில் லவான் மதிக்கிற ஒரே விதி. எழுதிவிட்டுப் போங்களேன், வாங்குகிறவர்கள் வாங்கட்டும் என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். கொரின் ஒரு சிரிப்புச் சிரித்தாள், குழந்தையிடம் சிரிக்கிற மாதிரி. பிறகு எழுதினாள்: காலுறை, நல்ல புத்தகம் ஒன்று, சீட்டுக்கட்டு. கையுறைகூடப் போய்விட்டது. அந்த நிமிஷமே லவானுக்கு வீம்பு ஏறிவிட்டது. கிறிஸ்துமஸுக்குள் அந்த மெஷின் அந்தப் பையன் கைக்குப் போயே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தான் லவான் இல்லை.

முப்பத்தோராம் எண் தேவதை எதிர்பார்த்தபடியே மரத்தில் தனியாகத் தொங்கிக்கொண்டு இருந்தது. மூன்றாவது ஞாயிறு லவானே அதை எடுத்துக்கொண்டாள். பனியில் நாற்பது மைல் வண்டி ஓட்டி, ஒட்டாத பூச்சுப் போட்ட, நாலு பேருக்குச் சுடுகிற மெஷினாகப் பார்த்து வாங்கினாள். ஒரு ஜோடி நல்ல கையுறையும். காலுறை, புத்தகம், சீட்டுக்கட்டு என்று அம்மணி கேட்ட மூன்றையும் சேர்த்து ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தாள்.

பைகளைச் சரிபார்க்கிற மேஜையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? கொரின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூன்றை உள்ளே வைத்தாள், இரண்டை ஒதுக்கினாள். ஒருத்தருக்கு அஞ்சு, ஒருத்தருக்கு மூணு என்றால் நியாயமா, இதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு என்றாள். நான் வாங்கினதை நான் கொடுக்கிறேன், உங்களுக்கு என்ன என்று லவான் கேட்டாள். "நமக்குப் புடிச்சதைக் கொடுக்கறது தானம் இல்ல, லவான். அது நம்ம ஆசை," என்றாள் கொரின். பக்கத்தில் நின்ற பாதிரியார், ஆழமான வார்த்தை என்று தலையாட்டினார். கிதார்க்காரனுக்கு வேறென்ன தெரியும். லவான் கையுறையைப் பைக்குள் திணித்துவிட்டு, மெஷினைக் கொண்டுபோய் சர்ச் சமையலறைக்குள் அடுப்புக்குக் கீழே வைத்தாள்.

சனிக்கிழமை பைகளை வாங்கிக்கொள்கிற நாள். குடும்பங்கள் பின்வாசல் வழியாக, சொன்ன நேரத்துக்கு, எண் எழுதிய சீட்டோடு வருவார்கள். யாரும் யாரையும் பெயர் கேட்க மாட்டார்கள். கொரின்கூடத் தலையை நிமிர்த்தாமல் எண்ணை மட்டும் பார்த்து டிக் அடிப்பாள். பைகளைத் தூக்கிவர அன்றைக்கு ப்ரின்லி வந்திருந்தாள், தலையில் துணியில் செய்த கிறிஸ்துமஸ் மான்கொம்பு மாட்டிக்கொண்டு. வெஸ்லியின் வகுப்புதான் அவளும்.

பத்தரைக்கு டானா வந்தாள். மூன்று பை தூக்க வேண்டுமே, பையனையும் கூட்டி வந்திருந்தாள். அவன் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றான். ப்ரின்லி அவனைக் கவனிக்கவில்லை. டானா சீட்டைக் கொடுத்தாள், கொரின் டிக் அடித்தாள், பைகள் வந்தன. இன்னும் அரை நிமிஷத்தில் அவர்கள் வெளியே போயிருப்பார்கள். அந்த அரை நிமிஷத்தைப் பொறுக்க லவானால் முடியவில்லை. வாசலுக்கு வெளியே போய், வண்டியருகே வைத்து ரகசியமாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்படிக் கொடுத்தால் கொரின் பார்க்கமாட்டாளே.

மெஷினைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவுக்கு வந்தாள். "வெஸ்லி, நில்லு. இது உன்னோடது. நீ கேட்டது. இந்த அம்மா பேனாவால அடிச்சுட்டாங்க." கொரின் பக்கம் திரும்பினாள். "அம்மாக்காரி கேட்டதுன்னு சொன்னீங்கல்ல? அவ வான்கோழி உரிச்சுட்டு வீடு வந்து சேர நடுராத்திரி ஆகுது. இந்தப் பையன்தான் ரெண்டு தங்கச்சிக்கும் பொங்கிப் போடறான். அவன் கேட்டா உங்களுக்கு என்ன கேடு?"

கொரின் தலையை நிமிர்த்தினாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு எண்ணின் முகத்தைப் பார்த்தாள். கூடத்தில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். "வெஸ்லியா? நம்ம கிளாஸ் வெஸ்லியா?" என்றாள் ப்ரின்லி. அதில் நக்கல் எதுவும் இல்லை, வெறும் ஆச்சரியம்தான். அதுதான் இன்னும் மோசம்.

"நான் எதுவும் கேக்கல, மிஸ் லவான்," என்றான் பையன். குரல் உயரவே இல்லை. "நாங்க சும்மா பை தூக்கித் தர வந்தோம்."

லவான் கையில் திணித்திருந்த மெஷினைச் சத்தம் வராமல் மேஜையில் வைத்தான். தன் பையையும் அதன் பக்கத்தில் வைத்தான். டானா சின்னவர்களின் இரண்டு பைகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். போகும்போது நன்றி சொன்னாள், கொரினுக்கு. லவானின் பக்கம் அவள் திரும்பவில்லை.

அன்று முழுக்க லவானுக்குக் கோபம்தான். கொரின் மேல், ப்ரின்லியின் மான்கொம்பு மேல், கொடுத்ததை வாங்கத் தெரியாத பையன் மேல்கூட. ஞாயிற்றுக்கிழமை மெஷினையும் பையையும் அவர்கள் வீட்டு வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்தபோது இரண்டும் பள்ளிக்கூடச் சமையலறையின் பின்கதவருகே இருந்தன. பெட்டி பிரிக்கப்படவில்லை, மேலே ஒரு விரல் உயரத்துக்குப் பனி. வெஸ்லி ஏழரை மணிக்கு வந்தான். தட்டு எடுக்காமல், அவள் முன்னால் நடந்து, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். அவன் மேஜையில் சாப்பாடு எதுவும் இல்லை. அப்போதுதான் லவானுக்கு உறைத்தது. கொரின் ஒரு ஆசையைத்தான் அடித்தாள். தான் என்ன செய்தோம் என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் அவளிடம் ஒரு நாளும் தட்டு நீட்டவில்லை.

அடுத்த வருஷம் நவம்பரில் படிவங்கள் வந்தன. லவான் ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசிவரை படித்துவிட்டு, ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மறுபடியும் முதலிலிருந்து பிரித்துப் பார்த்தாள். செருப்பு அளவு பதிமூன்று எதிலும் இல்லை. பதினாறு வயதுப் பையனும் இல்லை, பத்து வயதுப் பெண்ணும் இல்லை.

கொரின் பட்டியலை எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "போன வருஷத்தைவிட மூணு கம்மி. அளவாக் கொடுத்தா ஜனங்க தானா நிமிர்ந்து நிப்பாங்கன்னு நான் சொன்னேன்ல, லவான்?"

லவான் கத்தரியை எடுத்து அடுத்த தேவதையை வெட்ட ஆரம்பித்தாள். குறைந்த மூன்று பேரில் சின்னவளுக்கு அந்த மாதம்தான் ஐந்து வயது முடிந்திருந்தது.