ராக்கெட் டெய்லரின் பின்பக்கம்

டெய்லருக்கு ஐம்பத்தொரு வயது. தலைமுடியில் பாதி விடைபெற்றுவிட்டது, மீதி யோசித்துக்கொண்டிருக்கிறது. கடையில் அவர் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் மட்டும் ராக்கெட். வேகமாகப் போவதால் கிடைத்த பட்டம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள்.

அவருடைய சைக்கிள் சாதாரணமானதல்ல. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் செய்து தங்கள் உயிரைத் தாங்களே வாங்கிக்கொள்கிறவர்கள் ஓட்டுவது. பேன்ட் இடுப்பை மூன்றாவது முறையாகப் பெரிதாக்க வந்த ஒரு வாடிக்கையாளர், "இனிமே இது எனக்கு எதுக்கு மாஸ்டர்?" என்று அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். கைகளை முன்னால் நீட்டி, முழங்கைகளை ஊன்றி, ஏறக்குறையப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். தண்ணீர் பாட்டில்கள் இரண்டும் சீட்டுக்குப் பின்னால் நிற்கும். அங்கே இருந்தால் காற்று தடுக்காதாம்.

காற்று தடுக்கவில்லைதான். ஆனால் மூன்று மாதத்துக்கு முன் ஒரு குழியில் சைக்கிள் இறங்கி ஏறியபோது, இடது பாட்டில் ராக்கெட் மாதிரி மேலே கிளம்பியது. பின்னால் வந்த கணக்கு டீச்சரின் முன்சக்கரத்துக்கு அடியில் போய்ப் படுத்தது. டீச்சரும் அதன் பக்கத்தில் படுத்தார். முழங்கையில் ஏழு தையல். வாழ்க்கையில் லட்சக்கணக்கில் தையல் போட்ட மனுஷருக்கு அந்த ஏழு மட்டும் இன்னும் குத்திக்கொண்டிருந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூட்டத்தை நடத்தும் மருந்துக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, நீங்க கடைசியா நிம்மதியா வாங்க" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து பதினாறு பேர் வரிசையாகப் போவார்கள், பதினேழாவதாக இவர். மற்றவர்கள் முறை வைத்து முன்னால் போய்க் காற்றைத் தாங்குவார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு அந்தச் சுகம் ஓசி. இவருக்கு முறையே வராது. இவர் முன்னால் போனால் யாராவது இவருக்குப் பின்னால் வர வேண்டுமே!

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரே ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஆள், பயப்படாமல் அவர் சக்கரத்துக்குப் பின்னால் வர வேண்டும். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? "என் பின்னாடி வாங்க" என்று ஐம்பத்தொரு வயதில் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

வீட்டிலும் முன்னாலும் பின்னாலும் யாருமில்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது இரண்டு மாதம் ஒத்தாசைக்கு என்று மனைவி போனார். அந்த இரண்டு மாதத்துக்கு இப்போது நாலு வயது, பள்ளிக்கூடம்கூடப் போகிறது. தினமும் சாயங்காலம் போன் வரும்.

"சாப்டீங்களா?"

"இனிமேதான்."

"என்ன பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன்."

சும்மா என்று சொல்லும்போது கையில் ஸ்பேனர் இருக்கும். கட்டிலின் ஒரு பக்கத்தில் அவர் படுப்பார், மறுபக்கத்தில் சைக்கிள் சாய்ந்திருக்கும். அது குறட்டை விடாது என்பது ஒரு வசதி.

பாட்டில்கள் ஏன் பறக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு நாளாயிற்று. கோளாறு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது, பார்த்துச் சொல்ல ஆளில்லை. பாட்டில் தாங்கிகள் சீட்டுக்கு அடியில் ஓடும் இரண்டு கம்பிகளில் மாட்டப்பட்டிருந்தன. ஓட்டும்போது முழங்கால் வலிக்கும். வலிக்காத இடம் தேடி இடுப்பு அங்கும் இங்கும் நகரும். இடுப்பு ஆடினால் சீட் ஆடும், சீட் ஆடினால் பாட்டில் ஆடும், ஆடின பாட்டில் குழியைக் கண்டதும் கிளம்பிவிடும். ஆக, முதலில் சீட்டைச் சரிசெய்ய வேண்டும். சீட் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. காலின் உள்பக்க நீளத்தில் நூற்றுக்கு எண்பத்தெட்டு பங்கு. அந்தக் கணக்கை அவர் சைக்கிள் வந்த அன்றே போட்டுவிட்டாரே! பின் ஏன் வலிக்கிறது? வயசாகிவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை கடையில் ஹெம்மிங் போடும் அக்கா அவர் நடையைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், நொண்டுறீங்க?"

"சைக்கிள் முட்டிய வாங்குதுக்கா."

"சீட்டுக்கு அளவு ஒழுங்கா எடுத்தீங்களா?"

"இருபத்தெட்டு வருஷமா ஊருக்கே எடுக்கறேன், எனக்கு எடுக்கத் தெரியாதா? எழுபத்தாறு சென்டி."

"எதுல எடுத்தீங்க?"

"என் பேன்ட்லதான்."

அக்காவின் ஊசி நின்றது. "மேல லூஸ் விடுவீங்க, கீழ தரையக் கூட்டக் கூடாதுன்னு தூக்கி நிறுத்துவீங்க. பேன்ட் அளவு கால் அளவு ஆயிடுமா? சைக்கிள் என்ன உங்க பேன்ட்டப் போட்டுக்கிட்டா வரப்போகுது?"

டெய்லர் டேப்பை எடுத்துத் தனக்குத்தானே வைத்துப் பார்த்தார். குனிந்தால் அளவு மாறியது, நிமிர்ந்தால் கை எட்டவில்லை. பார்க்கப் பொறுக்காமல் அக்கா எழுந்து வந்தார்.

"செவுத்தோட நில்லுங்க. அந்தத் துணி சாம்பிள் புக்க நீங்களே கால் நடுவுல வச்சுப் பிடிங்க, அது என் வேலை இல்ல. டேப்ப விடுங்க கீழ. ஆடாதீங்க. எண்பது."

"சரியாப் பாத்தியாக்கா?"

"எண்பதேதான். மூச்சு விடுங்க, செத்துடாதீங்க."

அவர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றிருந்தார். அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் ஏன் அப்படி நிற்கிறார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. இத்தனை வருடத்தில் அவருக்கு அளவு பார்த்துச் சொன்ன முதல் ஆள் அந்த அக்கா. அக்கா ஐந்து மணிக்கு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். டெய்லர் கொஞ்ச நேரம் சுவரோடு சும்மா நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சீட்டை மூன்றரை சென்டிமீட்டர் ஏற்றினார். பாம்பு நாக்கு மாதிரிப் பிளந்திருந்த அதன் மூக்கைத் துளி கீழே சாய்த்தார். பாட்டில் தாங்கிகளின் நட்டை முறுக்கி, வாயைக் கையால் நெருக்கினார். பேன்ட் இடுப்புக்குப் போடும் எலாஸ்டிக்கை வளையமாகத் தைத்து, ஆளுக்கொன்று மாட்டிவிட்டார். முதல் வளையம் ரொம்ப இறுக்கம். பாட்டிலை இழுத்தால் சைக்கிளே கூட வந்தது. தளர்த்தித் தைத்ததும் சரியாக இருந்தது.

இருட்டுவதற்குள் வீட்டுக்குப் பின்னால் இருந்த உடைந்த சந்தில் ஓட்டிப் பார்த்தார். பாட்டில் விழுந்ததா என்று சொல்ல ஆளில்லாததால், ஒவ்வொரு முறையும் இறங்கித் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் சுற்றில் வலது பாட்டில் சாக்கடை ஓரம் கிடந்தது, ஒரு நாய் அதை விசாரித்துக்கொண்டிருந்தது. வளையத்தை ஒரு விரல் கீழே இறக்கினார். இரண்டாவது சுற்றில் ஒன்றும் விழவில்லை. மூன்றாவதிலும் இல்லை. முழங்காலும் வாயைத் திறக்கவில்லை. "விழலடா!" என்று நாயிடம் சொன்னார். வேறு யாரிடம் சொல்ல?

ஞாயிறு காலை மருந்துக்கடைக்காரரிடம் போய் நின்றார்.

"தம்பி, இன்னிக்குக் கொஞ்சம் முன்னாடி போறேன். பின்னாடி யாரும் வரணும்னு இல்ல."

எல்லோர் கண்ணும் பாட்டில்கள் மேல் போயிற்று. "ஹெல்மெட் போதுமா, இல்ல கேடயம் கொண்டாரணுமா?" என்றது ஒரு குரல். சிரித்தார்கள். இவரும் சிரித்துவிட்டு முன்னால் போனார். நினைத்தபடியே ஒரு பஸ் நுழையும் அளவு இடைவெளி விட்டு மற்றவர்கள் வந்தார்கள். இந்த சைக்கிளில் படுத்தபடி திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் கோணிக்கொள்ளும். பாலம் போயிற்று, பெட்ரோல் பங்க் போயிற்று. அவரும் காற்றும் மட்டும்தான். சரி, கடைசியில் தனியாகப் போனதற்கு முதலில் தனியாகப் போவது ஒரு மாறுதல் என்று தேற்றிக்கொண்டார்.

அடுத்த வளைவில் குழி. நேராக உள்ளே விட்டார். பற்கள் மோதிக்கொண்டன. பாட்டில்கள் அசையவில்லை.

"ஐயோ! குழின்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

முதுகுக்கு நேர் பின்னால், ஒரு முழ தூரத்தில், கணக்கு டீச்சரின் குரல்.

முன்னால் போகிறவர் குழியைப் பார்த்தால் கத்த வேண்டும் என்பது கூட்டத்தின் வழக்கம். மூன்று மாதமாகக் கத்திச் சொல்ல ஆளில்லாததால் அவர் வாய்க்கு அது மறந்தே போயிருந்தது.

"டீச்சர்... எப்பலருந்து?"

"பாலத்துலருந்து. ரோட்டப் பாருங்க. மறுபடியும் விழுந்தா அந்த ஏழு தையலையும் நீங்கதான் போடணும்."

அவர் ரோட்டைப் பார்த்தார். ரோடு கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. காற்றுதான், வேறென்ன.

"குழி!" என்றார். அடுத்தது ஒரு சாக்கடை மூடி, அதற்கும் குழி. நசுங்கிய ஒரு பேப்பர் கப்புக்கும் குழி. மரம் ஒன்று ரோட்டின் குறுக்கே நிழலைப் போட்டிருந்தது.

"குழி!"

"அது நிழலுங்க."

"தெரியும் டீச்சர்."