பிறீசருக்குக் கைமாறிய துவக்கு

செப்ரெம்பர் பிறந்தால் ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்தில் ஒரு காட்சியைக் காணலாம். துவக்கு உறையை, உள்ளே துப்பாக்கியோடு, தோளில் தொங்கவிட்டபடி ஒரு மனிதன் நின்று ஆறுதலாகச் சொசேஜ் தின்றுகொண்டிருப்பான். பிள்ளைவண்டியோடு வரும் பெண் அவனிடம் நேரம் கேட்பாள். பொலிஸ்காரர் திரும்பியும் பாராமல் கடந்து போவார். முதன்முதல் இதைக் கண்ட அன்று நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே ஒளிந்தேன். போர்க்காலத்தில் ரோர்ச் லைற்றுக்குப் பற்றரி வைத்திருந்தாலே ஆமி ஆளைப் பிடித்துக்கொண்டு போன ஊரிலிருந்து வந்தவன் வேறென்ன செய்வான்? இது வேட்டைக்காலம், இவன் காட்டுக்குப் போகிறான் என்று விளங்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

அப்படி ஒளிந்தவன்தான் பிறகு துவக்கு வாங்கினேன். வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் நின்ற காலம் அது. வேலை முடிந்தால் போக்கிடம் இல்லை. கூட வேலை செய்தவர்கள் வேட்டைக்குப் போக, நானும் பின்னால் போனேன். வேட்டைக்காரர் சோதனையில் முதல்தரம் கோட்டை விட்டு, இரண்டாந்தரம் சித்தியடைந்து, பொலிஸ் அனுமதியும் எடுத்து ஒரு பழைய துவக்கை வாங்கினேன். மரப்பிடி தேன் நிறம். தோளில் வைத்தால் எனக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். அதுவரை துவக்கின் முன்பக்கத்தை மட்டும் கண்டு ஓடிய எனக்கு, அதன் பின்பக்கத்தில் நின்ற முதல் நாள் அழுகை வந்தது. ஏனென்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

பிறகு கலியாணம், ஒஸ்லோ, பியோர்ண்டாலில் வீடு. சட்டப்படி துவக்கைப் பூட்டி வைக்க ஓர் இரும்பு அலுமாரி வாங்கி வைத்தேன். வீட்டுக்கு வந்த எங்கடை ஆட்கள் அதைக் கண்டுவிட்டு, நாங்கள் கிலோக்கணக்கில் நகை வைத்திருக்கிறோம் என்று கதை கட்டினார்கள். நகையில்லை, துவக்கு என்று நான் வாயை விட்டேன். அவ்வளவுதான். அடுத்த கிழமை கோயிலில் என் மனைவி வசந்தியோடு ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, உதுக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். பிறகென்னத்துக்கு வீட்டுக்குள்ள?" என்று அழுதாள் வசந்தி. கீழ்வீட்டு ஹான்ஸ், வேட்டைக்குழுவின் தலைவர், அந்தத் துவக்கில் நெடுநாளாகக் கண் வைத்திருந்தார். அவரிடம் இறைச்சியை உறையவைக்கும் ஆளுயரப் பிறீசர் ஒன்று இருந்தது. பொலிஸில் முறைப்படி எழுதிக் கொடுத்துத் துவக்கையும் பிறீசரையும் மாற்றிக்கொண்டோம். வசந்தி அதற்குள் மீனும் முருங்கைக்காயும் அடுக்கி மகிழ்ந்தாள். நான் அதைத் திறக்கும் நேரமெல்லாம் வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலுக்கு ஹான்ஸ் ஆண்டுதோறும் எண்ணெய் ஊற்றினார். எல்க் என்ற பெரிய காட்டுமான் வேட்டை முடிந்ததும் ஓர் இறைச்சிப் பொதியோடு வருவார். "உன் துவக்கு சுட்டது," என்பார். நல்ல மனுசன், அன்பாகத்தான் சொல்வார். வசந்தி அதை உறைப்பாகப் பிரட்டி வைப்பாள். நானும் தின்பேன். விசர் வேலை பார்த்துவிட்டேனே என்று ஒவ்வொரு துண்டும் சொல்லும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், திருப்பித் தருவீர்களா என்று கேட்டுவிட்டேன்.

"பிறீசருக்காகக் கொடுத்தவனிடமா? இன்னொரு நாள் தையல் மெசினுக்கும் கொடுப்பாய்," என்றார் ஹான்ஸ்.

எனக்கு வந்த ரோசத்தைவிட வசந்திக்கு வந்த ரோசம் பெரிது. அப்போது அவள் முதியோர் இல்லத்தில் வேலை. கூட வேலை செய்யும் பெண்கள் லீவு எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போய் வருவதைப் பார்த்துப் பார்த்து அவளின் பயம் தெளிந்திருந்தது. ஊரிலும் சமாதானப் பேச்சு நடந்து, துவக்குகள் கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். "அந்த மனுசன் தாற துண்டை எத்தினை வருசத்துக்கு வாங்கித் தின்னுறது? நானே பழகுறன்," என்றாள். பழகினாள். சோதனையில் முதல்தரமே சித்தி. நான் இரண்டாந்தரம் எழுதினதை அவள் அன்று ஏன் ஞாபகப்படுத்தினாள் என்பது வேறு கதை.

அந்த வருசம் ஹான்ஸுக்குத் தோள் வலி, இனிச் சுட முடியாது. துவக்கு யாருக்கென்று வேட்டைக்குழு முழுக்கக் கேட்டது. அவர் அதை வசந்திக்கு இரவலாகக் கொடுத்தார். "இந்த முறை எங்களோடு வா. உன் வீட்டில் இது நிலைக்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்," என்றார். நான் மானைக் கலைத்து விடுகிற கூட்டத்தில் பற்றைகளுக்குள் கத்திக்கொண்டு ஓடினேன். ஒரேயொரு வெடி கேட்டது. போய்ப் பார்த்தால் ஒரு மாட்டைவிடப் பெரிய எல்க் விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் வசந்தி, சட்டைக்கையெல்லாம் இரத்தம், நிமிர்ந்து நிற்கிறாள். ஐயோ, எனக்கு வந்த சந்தோஷப் புளுகத்தை எங்கே கொண்டுபோய் வைக்க!

சுட்டவர்தான் முதல் வாய் உண்ணவேண்டும் என்பது அந்தக் குழுவின் வழக்கம். நெருப்பு மூட்டி, மானின் இதயத்தை வெண்ணெயில் பொரித்து ஹான்ஸ் அவளிடம் நீட்டினார். வசந்தி வேண்டாம் என்று தலையாட்டினாள். ஹான்ஸின் முகம் சுருங்கிப் போனது.

"சுட்டதற்கு வருந்துகிறாயா? வருந்துகிறவரிடம் துவக்கைக் கொடுக்க முடியாது."

"இல்லை. இன்று சனிக்கிழமை," என்றாள் வசந்தி.

அவர்களுக்கு என்ன விளங்கும்? புரட்டாதிச் சனி, இவளுக்கு விரதம், மச்சம் மாமிசம் இல்லை, காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு என்று நான் எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் உளறினேன். விரதக்காரி எப்படி மானைச் சுட்டாள் என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. சுடக்கூடாதென்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. வசந்தி பையிலிருந்து சோற்றுப் பெட்டியை எடுத்து, ஒரு மரக்குற்றியில் பிடி சோறும் பருப்பும் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டாள். அவளிடமிருந்து திரும்ப வாங்கிய துவக்கை மடியில் வைத்துக்கொண்டு ஹான்ஸ் பார்த்திருந்தார். சட்டியில் இதயம் ஆறியது. ஒருவரும் தொடவில்லை.

எல்க்கின் குடலுக்காக அண்டங்காகங்கள் முன்பே மரங்களில் வந்து இருந்தன. ஒன்று இறங்கியது. குடலுக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சரித்துப் பார்த்தது. பிறகு தத்தித் தத்தி வந்து, குற்றியில் ஏறிச் சோற்றைக் கொத்தியது. குழுவில் நின்ற எட்டு நோர்வேஜியரும் போட்ட கூச்சலில் காகம் சோற்றோடு பறந்துவிட்டது. வசந்தி சோற்றுப் பெட்டியோடு சாப்பிடக் குந்தினாள்.

"உன் விருந்தாளி சாப்பிட்டுவிட்டான், முதல் வாய் அவனுக்கே போயிற்று," என்று ஹான்ஸ் எழுந்து வந்து துவக்கை வசந்தியின் மடியில் வைத்தார். "பொலிஸுக்கு உன் பெயரில் எழுதித் தருகிறேன். பிறீசரும் உங்களிடமே இருக்கட்டும், இனித் தேவைப்படும்."

நான் துள்ளாத குறை. ஆறிப்போன இதயத்தில் முதல் துண்டை எடுத்து நானே வாயில் போட்டுக்கொண்டு, இத்தனை வருசம் ஏங்கிய அந்தத் தேன்நிறப் பிடியைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன். வசந்தி சோற்றைக் குழைத்தபடியே ஹான்ஸிடம் நோர்வேஜிய மொழியில், தன் பங்கு இதயத்தை நாளைக்கென்று கட்டி வைக்கச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இறைச்சிக் கையோட துவக்கில தொடாதேங்கோ. இண்டைக்குச் சனி."