பெருவிரலில் கட்டிய கயிறு

பக்கத்து வீட்டில் யாரோ ஒரு வெறும் தகரப் பேணியைத் தட்டினார்கள். கதிரையில் இருந்து வாசித்துக்கொண்டிருந்த எனக்கு வலது கால் தானாகவே வெட்டி இழுத்தது. அறுபது வருடமாகியும் அந்தக் காலுக்கு மறக்கவில்லை.

நெடுங்கேணியில் எங்கள் வயலில் கதிர் பால் பிடித்தால் கிளி கலைப்பது என் வேலை. வயலோரக் காவல் பரணில் இருந்து கயிற்றை இழுத்தால் வயல் நடுவே தொங்கும் பேணிகள் கலகலக்கும்.

"புத்தகத்தோட பரணில ஏறாத. நீ வாசிக்க, கிளி நெல்லைத் திண்டுபோடும்" என்றார் என்னைப் பெற்ற ஐயா.

"நான் ரெண்டையும் பாப்பன், ஐயா."

"எப்பிடி? ரெண்டு கைதானே இருக்கு?"

கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டினேன். ஒரு பக்கம் முடிந்தால் ஓர் இழுப்பு. வாசிகசாலைப் புத்தகத்தின் பழந்தாள் மணமும் பால்கதிர் மணமும் ஒன்றாகவே வரும். மூன்றாம் நாள் விரல் தோல் உரிந்தது. பாவாடைக் கரையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறினேன்.

அறுவடைக்கு முதல்நாள் பின்னேரம் ஐயா பரணடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"மத்தியானம் பேணி நிக்காமல் அடிச்சுது, பிள்ளை. கதையில என்ன நடந்தது?"