மோரிப்பில் ஒரு காய்ச்சல்

என் அண்ணன் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கல்யாண வீடோ கருமாதி வீடோ, சொந்தக்காரர்கள் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். “புள்ளைக்குக் காய்ச்சல் லா. அப்பவும் அப்பாவுக்காக மோரிப் வரைக்கும் கூட்டிக்கிட்டு வந்தா என் தங்கச்சி.” எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். நடந்தது வேறு. அதை ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது என் மகளுக்கு எட்டு வயது. பெட்டாலிங் ஜெயாவில் நானும் அவளும்தான் இருந்தோம். கணவருக்கு ஜோகூரில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். கடற்கரை ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று மூன்று பள்ளி விடுமுறைகளாகச் சொல்லிச் சொல்லி அவளை ஏமாற்றியிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஆபீஸில் தலைபோகிற வேலை ஏதாவது வந்துவிடும். நாலாவது முறை அடித்துப் பிடித்து லீவு போட்டு, மோரிப் கடற்கரையில் ஓர் அறை எடுத்தேன். மகள் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

அறை எடுக்கும்போது அப்பா இறந்த தேதியைப் பார்த்துத்தான் எடுத்தேன். நாங்கள் போகும் நாளிலிருந்து அது ஒன்பது நாள் தள்ளி இருந்தது. திதி என்று ஒன்று உண்டு, அது ஆபீஸ் காலண்டரை மதிக்காது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பிறகு கிள்ளானிலிருந்து அண்ணன் போன் செய்தார். ஐயர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாராம். நாங்கள் மோரிப்பில் இருக்கப்போகும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் அப்பாவுக்குத் திதி.

“நீ சனிக்கிழமையே வந்துடும்மா. அண்ணிக்கு ஒத்தாசையா இருக்கும்.”

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணன் கோபித்துக்கொள்கிற ஆள் கிடையாது. “பரவால்லம்மா” என்று சொல்லியிருப்பார்; அதைத்தான் என்னால் தாங்க முடியாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையிலிருந்து அந்த அடுப்படியில் நின்று படையலுக்குச் சமைக்க எனக்கு மனசே இல்லை. சரி சரி என்று சொல்லி வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, வர முடியாது என்றேன். கொதிக்கிற பிள்ளை எனக்கு எதிரில் உட்கார்ந்து நீச்சல் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும், “எனக்கா காய்ச்சல்?” என்று கேட்டாள்.

“ரெண்டு நாளைக்கு மட்டும். மாமா கேட்டா அப்படித்தான் சொல்லணும், சரியா?”

அவள் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டாள். விளையாட்டாக ஆக்கியது நான்தான். அண்ணன் வேலை செய்யும் தொழிற்சாலை தெலுக் பங்லிமா காராங்கில், மோரிப் போகும் சாலையை ஒட்டியே இருக்கிறது. சனிக்கிழமை அரை நாள் வேலைக்குப் போவார். அன்று காலை காரில் போகும்போது அந்த இடம் வந்ததும் மகளைக் குனிந்துகொள்ளச் சொன்னேன். சீட்டில் அப்படியே கீழே சரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றைக்கு நன்றாகவே ஊர் சுற்றினோம். கேரித் தீவுக்குப் போய், மா மெரி பழங்குடி மக்கள் மரத்தில் செதுக்கிய முகமூடிகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் எதிரில் நின்று அவளும் அதே மாதிரி முகத்தைக் கோணிக் காட்டினாள். ஜுக்ரா மலைமேல் நின்று, ஆறு கடலுக்கு வளைந்து போவதைப் பார்த்தோம். சாயங்காலம் ஆற்றோரக் கடை ஒன்றில் நண்டுக்குச் சொன்னேன். தட்டு வந்ததும் அவள் கையை வைக்கவில்லை.

“அம்மா, தாத்தாவுக்குச் சாமி கும்பிடுறப்போ நம்ப சைவம்தானே?”

“காய்ச்சல்காரங்களுக்கு அதெல்லாம் கிடையாது. சாப்பிடு.”

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. நண்டை உடைத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் போனில் வந்தார், பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க. நான் கண்ணைக் காட்டினேன், மகள் இருமினாள். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருமினாள். “பாவம், நெஞ்சுச் சளி மாதிரி இருக்கு. சுடுதண்ணி குடு. நீ அலையாத, இங்க நாங்க பார்த்துக்கிறோம்” என்றார். நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அதற்குப் பிறகு அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

ஞாயிறு காலை கடல் வெகு தூரம் உள்வாங்கியிருந்தது. மகள் சேற்றில் சிப்பி தோண்டிக்கொண்டிருந்தாள். சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் வாழையிலை விரித்து உட்கார்ந்திருந்தன. கிள்ளான் பக்கத்தில் யார் வீட்டுக் காரியமானாலும் கடல் என்றால் மோரிப்தான். அப்பாவின் அஸ்தியைக்கூட இங்கேதான் கரைத்தோம். திதிக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஓடிய நான், எல்லாரும் திதி கொடுக்க வருகிற இடமாகப் பார்த்து வந்து நின்றிருக்கிறேன். அண்ணன் வருஷா வருஷம் வீட்டில்தானே செய்கிறார் என்ற தைரியம்.

“அம்மா, மாமா” என்றாள் மகள், மெதுவாக.

ஈர வேட்டியோடு அண்ணன் நின்றார். பக்கத்தில் தாம்பாளத்தோடு அண்ணி. நான் திரும்பி நடக்கப் பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டார். கிட்டே வந்து என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மெசேஜ் பார்த்துட்டியா? மூணாவது வருஷம், கடல்ல செஞ்சா நல்லதுன்னு ஐயர் சொன்னாரு. நேத்து ராத்திரிதான் குடும்ப குரூப்ல போட்டேன். நீ எங்க வரப்போறேன்னு நெனச்சேன். காய்ச்சல் புள்ளையயும் கூட்டிக்கிட்டு வந்திருக்கியேம்மா.”

“அண்ணே” என்றேன். மீதியை மகள் சொன்னாள்.

“அம்மா வேணாம்னுதான் சொன்னாங்க மாமா. நான்தான் தாத்தாவுக்குச் சாமி கும்பிடணும்னு அழுதேன்.”

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ரிசார்ட்டில் மணிக்கட்டில் கட்டிவிட்ட மஞ்சள் பட்டை தெரியாதபடி, அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள். அதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவள் தலையையும் காதையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினார். “காத்து பட்டா காய்ச்சல் ஏறிடும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இந்தப் பூவ நீ விடும்மா. அப்பாவுக்கு அதான் சந்தோஷம்” என்றார். நான் கையை நீட்டினேன். சட்டைக் கை மேலே ஏறி, என் பட்டை வெளியே தெரிந்தது. அண்ணி அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டு, பூவை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல்களில் பெருங்காய வாசம் அடித்தது. தனியாக எல்லாச் சமையலையும் முடித்துவிட்டு வந்திருக்கிறார். சேற்றில் தண்ணீர்வரை நடந்துபோய், நண்டு தின்ற கையால் அந்தப் பூவைக் கடலில் விட்டேன். அப்பா என்னை மன்னித்தாலும் மன்னிப்பார். அண்ணி மன்னித்தாரா என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் அண்ணன். பிள்ளை படுக்கட்டும் அண்ணே என்றேன். அதுவும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு, காரில் ஏறும்வரை அவளையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். மகள் கையசைத்தாள். கார் நகரும்போது ஒரு தடவை இருமினாள்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. துண்டுக்குக் கீழே அவள் நெற்றியில் வியர்வை வழிந்தது. கார் போய் வெகுநேரம் ஆகியும் அவள் துண்டை அவிழ்க்கவில்லை. வா, ரிசார்ட் நீச்சல் குளத்தில் இறங்கலாம் என்று கூப்பிட்டேன். அவள் நகராமல் என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“அம்மா, இப்போ எனக்குக் காய்ச்சல் போயிடுச்சா?”